தூங்கினாரா என்று ஒரு கேள்வி

போன மாதம் மாணிக்கம் என்னைப் பார்க்க வந்திருந்தான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கிராணியாக எழுத்து வேலை பார்த்த வக்கீல் ஆபீசில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான். பிள்ளை குட்டிக்காரன். ஆனாலும் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன் என்பதால் என் எதிரில் உட்கார இன்னும் கூசுவான். அன்றைக்கும் வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, கேள்விப்பட்டீங்களா? அந்தச் சிம்பாங் அம்பாட் ஊர்க் கொலைக் கேசு, அவனுக்குத் தூக்கு இல்லையாம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டரே வந்து சாட்சி சொன்னாருலா. புத்தி சரியில்லாம செஞ்சதுன்னு ஜூரிங்க ஒத்துக்கிட்டாங்க."

"நல்லது. டாக்டருக்கு முன்னாடி யாரு சாட்சி சொன்னது?"

"அவனோட அம்மா."

"அந்த அம்மாகிட்ட மொதல்ல என்ன கேட்டாங்க?"

மாணிக்கம் சிரித்தான். "உங்களுக்கு எப்பவும் இந்த வரிசைதான் முக்கியம். ராத்திரியில எப்படி இருப்பான்னு கேட்டாங்கண்ணே. அந்தம்மா பொல பொலன்னு எல்லாத்தையும் கொட்டிடுச்சு."

அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். போகும்போது, நம் சங்கத்து ஆண்டு மலருக்கு என் ஆபீஸ் அனுபவம் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனான். எழுதினால் வேடிக்கையாக எழுதலாம். முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் குப்பை கொட்டினவனிடம் வேடிக்கைக்கா பஞ்சம்? ஆனால் பேனாவை எடுத்தால் வேறு ஒன்றும் வரவில்லை. அந்தம்மா கொட்டிவிட்டாள் என்று மாணிக்கம் சொன்னதே காதில் நிற்கிறது. எங்கள் கேசில் ஒருத்தி கொட்டவில்லை.

பெரிய யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் நான் அந்த ஆபீசில் சேர்ந்தேன். ஏழாவது ஸ்டாண்டர்டு தாண்டியிருந்தேன், கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் தவிர எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. முதலில் நகல் எழுதினேன். பிறகு மனு எழுதினேன். பிறகு சாட்சிகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவரும் வேலை என் தலையில் விழுந்தது. அதுதான் எனக்குப் பிடித்த வேலையும்கூட. பாசாரில், படகுத்துறையில், கள்ளுக் கடையில் என்று சுற்றிக்கொண்டே சம்பளம் வாங்குவது எல்லோருக்கும் கிடைக்குமா?

எங்கள் வக்கீல் மிஸ்டர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். சைவர். வீட்டில் நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். கோர்ட்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். சாமிக்கு வீடு, சட்டத்துக்குக் கோர்ட்டு என்று பிரித்து வைத்திருந்தார். கோபம் வந்தால்கூடக் குரல் உயராது. பேச்சு மட்டும் மெதுவாகிவிடும். அவர் மெதுவாகப் பேசினால் ஆபீசில் எல்லோரும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுவோம்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. எந்தச் சாட்சியையும் ஆதியிலிருந்துதான் கேட்பார். ஒருமுறை சர்க்கரை மூட்டைகளோடு ஒரு தொங்கான் படகு துறைமுகத்தில் மூழ்கிப்போயிற்று. படகை ஓட்டிய தண்டல் பொய் சொல்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். அருளம்பலம் அவனிடம் மூழ்கியதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலையில் என்ன கஞ்சி குடித்தாய், பிறகு எங்கே போனாய், பிறகு யாரைப் பார்த்தாய் என்று ஒவ்வொரு படியாக நடத்திக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் தண்டல் தன் பொய்யில் தானே இடறி விழுந்தான். அன்று சாயந்தரம் என்னிடம் சொன்னார்:

"முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது. அவ்வளவுதான் கேஸ். நடுவில் இருந்து தொடங்கிறவன் நடுவிலேயே நிப்பான். விளங்குதோ?"

விளங்கியது. நானும் சாட்சிகளிடம் அப்படியே கேட்டு எழுதப் பழகினேன். அது நல்ல முறைதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூக்குத் தண்டனை விழக்கூடிய கேசில், வக்கீல் வைக்க வழியில்லாதவனுக்குச் சர்க்காரே ஒரு வக்கீலை நியமிக்கும். அப்படி எங்களிடம் வந்தவன் ரெங்கன்.

ரெங்கன் வண்ணாந்துறையில் துணி துவைக்கிறவன். அவனுக்கு அடுத்த கல்லில் துவைத்தவன் காளிமுத்து; குடியிருந்ததும் அடுத்த வீட்டில்தான். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகம் என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் காலை, ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, வெள்ளாவி அடுப்புக்கு வைத்திருந்த விறகுக் கட்டையை எடுத்துக் காளிமுத்துவின் தலையில் அடித்தான் ரெங்கன். காளிமுத்து ஆற்றிலேயே விழுந்து செத்தான். ரெங்கன் ஓடவில்லை. கட்டையைக் கரையில் வைத்துவிட்டு, மீதித் துணியைத் துவைத்தான். ரத்தம் தெறித்த சட்டையையும் துவைத்தான். போலீஸ் வந்தபோது கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான்.

அந்தச் சட்டைதான் அவனுக்கு எமன். சர்க்கார் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். கறையைக் கழுவியிருக்கிறான், ஆகவே தான் செய்தது குற்றம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டம் கேட்கிற கேள்வியும் அது ஒன்றுதான். அடித்தபோது தான் செய்வது இன்னது, அது தப்பு என்று தெரிகிற நிலையில் இருந்தானா? தெரிந்திருந்தால் தூக்கு. புத்தி பேதலித்துத் தெரியாமல் போயிருந்தால் தூக்கு இல்லை, ஆஸ்பத்திரி. பாதி தெரிந்தவனுக்கு நடுவில் ஓர் இடம் அந்தச் சட்டத்தில் கிடையாது.

ஜெயிலில் அவனைப் பார்க்கப் போனோம். பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான். அருளம்பலம் ஆதியிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். ரெங்கன் ஒழுங்காகப் பதில் சொன்னான். கடைசியில்தான் இது வந்தது.

"ராத்திரியெல்லாம் காளிமுத்து என் காதுக்குள்ள பேசிக்கிட்டே இருந்தான் ஐயா. போதும்டான்னு எத்தனையோ தடவ சொன்னேன். கேக்கல."

"அவன் ராத்திரி தன்ர வீட்டில தானே படுத்திருந்தவன்?"

"ஆமாங்க. அங்கேர்ந்துதான் பேசுவான்."

"இப்பவும் பேசுகிறானோ?"

"இல்லீங்க. செத்துட்டான்லா. இப்ப சத்தமே இல்ல." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்க காலருக்குக் கஞ்சி அதிகமாப் போட்டுட்டாங்க. கழுத்தை அறுக்கும்."

வெளியே வந்ததும் நான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். உண்மையிலேயே அறுத்திருந்தது. அங்கேதான் கஷ்டம். காலரில் கஞ்சி அதிகம் என்று சொல்லத் தெரிந்தவனைப் பைத்தியம் என்று யார் நம்புவார்கள்? ஜெயில் டாக்டர் அவனை வாரக்கணக்கில் பார்த்திருந்தார். ஒழுங்காகச் சாப்பிடுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான், போர்வையை அழகாக மடிக்கிறான், இப்போது இவன் புத்தியில் நான் ஒரு குறையும் காணவில்லை, அன்றைக்கு எப்படி இருந்தான் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

"அவன் சொல்லுறதை ஜூரிகள் நம்ப மாட்டினம்" என்றார் அருளம்பலம். "கெட்டிக்காரக் கொலைகாரனும் இதைத்தான் சொல்லுவான். அந்த நாட்களில அவனோட இருந்த ஒரு ஆள் வேணும். ராத்திரியில நித்திரை கொண்டானோ இல்லையோ, அதைச் சொல்லட்டும். மற்றதை நான் பார்க்கிறன். பெண்சாதி இருக்கிறா தானே? நீர் போய்ப் பாரும்."

அவன் பெண்சாதி பெயர் பாக்கியம். துணிக் கொடிகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. நான் போனபோது இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் ஜெயிலில் இருந்தாலும் துணி கொடுத்தவர்கள் கேட்கத்தானே செய்வார்கள். வழக்கப்படி ஆதியிலிருந்து கேட்டேன். சந்தோஷமாகவே சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரெங்கனுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. தனக்குத்தானே பேசினான், சோறு தின்ன மறுத்தான், ஆற்றில் நின்றபடியே இருந்தான். ஏதோ பிடித்திருக்கிறது என்றார்கள். பாக்கியம் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அடுத்த தைப்பூசத்தில் ரெங்கன் காவடி எடுத்தான். தண்ணீர்ச் செம்பும் கையுமாய் வழி நெடுக அவன் கூடவே நடந்தவன் காளிமுத்துதான். மலையிலிருந்து இறங்கியபோது ரெங்கன் பழைய ரெங்கனாக இருந்தான். துறையே அதைப் பார்த்துக் கும்பிட்டது. அதற்குப் பிறகு நோயாளி இருக்கிற வீடுகளிலிருந்து பெண்கள் வந்து, ரெங்கன் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். ரெங்கனுக்குத் தீர்ந்தது என்று அவர்களும் நேர்ந்துகொண்டார்கள்.

"இந்தக் காரியத்துக்கு முன்னால் எப்படி இருந்தார்? ராத்திரியில் தூங்கினாரா?" என்று கேட்டேன்.

பாக்கியம் கரியைக் கிளறினாள். "தூக்கம் கொஞ்சம் கம்மிதாண்ணே" என்றாள். பெட்டியை மூடித் துணியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

எனக்கு அது போதும் என்று பட்டது. வக்கீலுக்கும் அதுவே பட்டது. மற்றதைக் கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

விசாரணை நாளில் வண்ணாந்துறையே வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தது. ரெங்கன் கூண்டில் நின்று நீதிபதியின் கழுத்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜூரிகள் ஏழு பேர், கம்பெனித் துரைகளும் சீனத் தவுக்கே முதலாளிகளுமாக. பாக்கியம் கஞ்சி போட்ட புடவையில் வந்து நின்றாள். அவளே வெளுத்த புடவை. அருளம்பலம் இங்கிலீஷில் கேட்பார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார், அவள் பதில் சொல்வாள்.

அவர் தன் வழக்கப்படி ஆதியிலிருந்து ஆரம்பித்தார். உன் புருஷனுக்கு முன்பு என்ன வந்தது? சொன்னாள். பிறகு என்ன செய்தாய்?

"தண்ணீர்மலையானுக்கு வேண்டிக்கிட்டேன்."

பிறகு?

"தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தாரு. பிடிச்சது எறங்கிடுச்சு."

மாடத்தில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் போட்டுக்கொண்டாள். பாக்கியம் தலை நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். அதை நான் கண்டேன், ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜூரிகள் கூர்ந்து கேட்கிறார்கள், கேஸ் நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அருளம்பலம் நிறுத்திவிட்டு அந்தக் கேள்விக்கு வந்தார். "இந்தக் காரியத்துக்கு முந்திய நாட்களில், உன் புருஷன் ராத்திரியில் தூங்கினாரா?"

அவள் கூண்டைப் பார்த்தாள். மாடத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தூங்கினாரு."

"நன்றாக யோசித்துச் சொல்."

"நல்லாத் தூங்கினாரு."

அருளம்பலத்தின் பேச்சு மெதுவாகிவிட்டது. வேறு விதமாகக் கேட்டார், இன்னொரு விதமாகவும் கேட்டார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். சர்க்கார் வக்கீல் எழுந்து, காவடிக்குப் பிறகு உன் புருஷனுக்கு நோய் திரும்ப வரவே இல்லை, அப்படித்தானே என்று மட்டும் கேட்டார்.

"முருகன் தீர்த்ததுங்க. எப்படித் திரும்பி வரும்?"

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஜூரிகள் போய்த் திரும்பிக் குற்றவாளி என்றார்கள். நீதிபதியின் தலையில் தூக்குத் தீர்ப்புக்கு வைக்கிற கறுப்புத் துணியை வைத்தார்கள். வேறு தண்டனை கொடுக்க அவருக்கும் சட்டத்தில் இடம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பைச் சொல்லி முடித்ததும், ரெங்கன் பாக்கியத்தைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்பது போலத் தலையை ஆட்டினான்.

இனிப் பாக்கி இருந்தது சிங்கப்பூரில் இருக்கும் கவர்னருக்குக் கருணை மனு ஒன்றுதான். சட்டம் கொடுக்காத அந்த நடு இடத்தைக் கவர்னர் கொடுக்கலாம். மனம் கலங்கிய நிலையில் செய்தான் என்று அவருக்குப் பட்டால் தூக்கை மாற்றி உயிரோடு விடலாம். ஆனால் அதற்கும் பாக்கியத்தின் வாக்குமூலம் வேண்டும். அருளம்பலம் வழக்கத்துக்கு மாறாகத் தானே என்னோடு கிளம்பி வண்ணாந்துறைக்கு வந்தார். கொடியில் தொங்கும் வேட்டிகளைக் கையால் விலக்கிக்கொண்டு நடந்தார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. அவர் நித்திரை கொண்டவரோ?" என்றார். இந்தத் தடவை அதுதான் முதல் கேள்வி.

பாக்கியம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கோர்ட்டுல சொல்லிட்டேனுங்களே."

"கோர்ட்டு முடிஞ்சுது. இது அவரின்ர உயிர்."

"காவடி எடுத்து இறங்கிடுச்சுன்னு எல்லார் முன்னாலயும் சொன்ன வாயால, திரும்ப வந்துடுச்சுன்னு எப்படிங்கய்யா சொல்றது?" அவள் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "மொதல்லயே தூக்கத்தைக் கேட்டிருந்தீங்கன்னா என்ன சொல்லியிருப்பேனோ தெரியல. காவடியச் சொன்னதுக்கப்புறம் முடியாதுங்க."

"ஏன் முடியாது? சாமிக்காகப் புருஷனைத் தூக்கில போட விடுவீரோ?"

அவர் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பாக்கியம் அழுதுகொண்டே அவரை நேராகப் பார்த்தாள்.

"சாமிக்காக இல்லீங்கய்யா, அவருக்காகத்தான். துரைங்க எல்லாரும் கைவிட்டாச்சு. இனிமே அந்த முருகன் ஒருத்தன்தான் காப்பாத்தணும். அவனும் கைவிட்டுட்டான்னு நானே காகிதத்துல எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் யாரைக் கூப்பிடுவேன்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. முட்டாள் பெண்ணே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவள் எங்களைவிட அதிகமாக அவனைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தாள். அவள் பிடித்துக்கொண்டிருந்த கயிறு வேறு, நாங்கள் நீட்டிய கயிறு வேறு. ஒன்றை விட்டால்தான் மற்றதைப் பிடிக்க முடியும் என்று அவள் நம்பினாள்.

திரும்பி வரும்போது வண்டியில் அருளம்பலம் கேஸ் கட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது கேட்டார்: "நான் முதலில நித்திரையைக் கேட்டிருக்க வேணுமோ?"

"யாருக்குத் தெரியும் ஐயா" என்றேன்.

"வீட்டில திருநீறு பூசுகிறவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேணும்."

அவள் வாக்குமூலம் இல்லாமலே மனுப் போயிற்று. தலையிட முகாந்தரம் இல்லை என்று பதில் வந்தது. ரெங்கனை ஜெயிலில் தூக்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு அருளம்பலம் கொலைக் கேஸ் எதையும் ஏற்கவில்லை. நிலம், கப்பல், கடன் என்று காலத்தை ஓட்டினார். நியமனத்தை ஏற்கச் சொல்லி யாராவது கேட்டால், வயதாகிவிட்டது என்பார். அப்போது அவருக்கு ஒன்றும் பெரிய வயதில்லை.

அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போனேன். வருஷா வருஷம் போகிறவன்தான். படிக்கட்டில் கூட்டம் நகராமல் நின்றபோது, எனக்கு இரண்டு படி கீழே தலையில் பால்குடத்தோடு பாக்கியம் நிற்பதைப் பார்த்தேன். மெலிந்து கறுத்திருந்தாள். பேசாமல் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னும் என்னத்துக்கும்மா இது? அந்த முருகன்தான் ஒனக்கு ஒண்ணும் குடுக்கலியே!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி, மறு கையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

"உசுரைக் குடுன்னு கேட்டேண்ணே, குடுக்கல. சரி, கடைசி ராத்திரியாவது அவரைத் தூங்க வையின்னு கேட்டேன். அதைக் குடுத்தான். விடிகாலையில எழுப்பித்தான் கூட்டிட்டுப் போனாங்களாம். வார்டர் வந்து சொன்னாரு. அதுக்குத்தான் இந்தப் பாலு."

கூட்டம் ஒரு படி நகர்ந்தது. அவளும் ஏறினாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்:

"தூக்கத்தோட அருமை எனக்குத்தானே தெரியும். அந்த மாசம் பூரா ஒரு பொழுது கண்ணை மூடலியே மனுசன். காளிமுத்து வீட்டுப் பக்கத்துச் சுவத்துல காதை வச்சுக்கிட்டு, உக்காந்த மேனிக்கே இருந்தாருண்ணே. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

கோர்ட்டில் ஏழு ஜூரிகளும் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். கவர்னர் கேட்டிருந்தால் அவருக்கும் இதுவே போதும். பாக்கியம் பால் சிந்தாமல் என்னைத் தாண்டி மேலே போனாள். சுற்றிலும் அரோகரா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது என் ஒருவனுக்குத்தான் கேட்டது.